வட்டத்தில் பிறந்ததை மேடையில் பார்க்கப் போகிறவர்களுக்கு

மே மாதத் தொடக்கத்து நீண்ட வார இறுதி நெருங்கினால் எங்கள் நடன வகுப்பில் ஒரே கேள்விதான். "அங்கிள், சாட்லர்ஸ் வெல்ஸுக்குப் போறம். போய் எதைப் பார்க்க வேணும்?" லண்டனில் அந்த அரங்கில் வழக்கமாக அந்த நாட்களில் நடக்கும் பிரேக்கின் கன்வென்ஷன் விழாவைத்தான் சொல்கிறார்கள். ஜான்சி டி என்ற நடனக் கலைஞர் 2004இல் தொடங்கிய ஹிப் ஹாப் நடன விழா அது. பல நாட்டுக் குழுக்கள் வரும். சும்மா ரசிக்கப் போகிறவருக்கு என் அறிவுரை தேவையில்லை. டிக்கெட் இருந்தால் போதும். ஆடப் பழகுகிறவர் போவது களவெடுக்க. எதைக் களவெடுக்கலாம், எதில் கை வைத்தால் மானம் போகும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். வகுப்பில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே எண் போட்டு எழுதியிருக்கிறேன்.

1. இந்த ஆட்டத்துக்கு முன்பக்கம் என்று ஒன்று இருந்ததில்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் இலக்கக் குடியிருப்பில், 1973 ஆகஸ்ட் 11 அன்று சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தார். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கும் காலம். பாட்டுப் போட்டவர் அவருடைய சகோதரர் கிளைவ். ஊர் அறிந்த பெயர் டிஜே கூல் ஹெர்க். பாடுகிறவர் ஓய்ந்து, மேளம் மட்டும் தனியாக விளாசுகிற சில வினாடிகள் சில பாட்டுகளில் வரும். அந்த இடத்தில்தான் சனம் விழுந்து விழுந்து ஆடுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடிகிறபோது மற்றதில் அதே இடத்தைத் தொடக்கத்திலிருந்து ஓட்டினார். சில வினாடிகள் நிமிடக் கணக்கில் நீண்டன. அந்த இடம்தான் பிரேக். அதற்கு ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள்.

ஒருவர் ஆடத் தொடங்கினால் மற்றவர்கள் விலகி வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்கு சைஃபர் என்று பெயர். அதற்குள் நின்றால் உங்கள் முதுகு இன்னொருவருக்கு முகம். எட்டிக் கை வைக்கிற தூரத்தில் ஆட்கள். யாருக்கும் நாற்காலி இல்லை. ஆடி முடித்தவர் பார்வையாளர் ஆவார், பார்த்தவர் உள்ளே இறங்குவார். சாட்லர்ஸ் வெல்ஸ் பெரிய அரங்கில் ஏறக்குறைய 1,500 பேர், எல்லோரும் ஒரே பக்கத்தில், இருட்டில், இருக்கையில். மற்ற மூன்று பக்கமும் கறுப்புத் திரை. ஒவ்வொரு குழுவும் மேடைக்கு வரும்போது உங்களுக்குள் கேளுங்கள்: தொலைந்துபோன அந்த மூன்று பக்கத்துக்கு இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? நல்ல படைப்பையும் வெறும் சாகசத்தையும் நான் பிரித்துப் பார்ப்பது இந்த ஒரு கேள்வியால்தான்.

2. முன்வரிசைக்கு அடிபடாதீர்கள். பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்குப் போய்ப் பழகியவர்கள் நீங்கள். அங்கே கண்ணும் புருவமும் தெரிய வேண்டும், அதனால் முன்னால் உட்காருகிறோம். இங்கே ஆட்டத்தில் பாதி நிலத்தோடு நடக்கிறது. மேடை உங்கள் கண்ணுக்கு மேலே இருந்தால் காலாட்டம் முழுக்கச் சப்பாத்து அடிதான் தெரியும். மேல்தளத்தின் முதல் வரிசையைப் பிடியுங்கள். மேலேயிருந்து பார்த்தால் ஒரு பி-பாய் நிலத்தில் கீறுகிற கோலம் முழுதாகத் தெரியும். குழுவின் வரிசை எங்கே உடைந்து எங்கே சேர்கிறது என்பதும் தெரியும். காசும் பெரும்பாலும் அங்கே குறைவு. பாப்பிங் தனியாட்டம் பார்க்க மட்டும் கிட்ட இருப்பது நல்லது. இரண்டு நாள் போக வசதி இருந்தால் ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே.

3. போனை அணைத்து வையுங்கள். இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை நீங்கள் யூடியூபில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். அங்கே கிடைக்காதது சத்தம். உள்ளங்கை நிலத்தில் விழும்போது 'டப்' என்று ஒன்று கேட்கும். ரப்பர் அடி திரும்பும்போது கீச்சிடும். தலைகீழாக உறைந்து நின்றவர் காலை இறக்கியதும் அடக்கி வைத்த மூச்சு வெளியே வரும். இசை சற்றுத் தணிகிற இடங்களில் இவை கேட்கும். ஒருவருக்கு உடம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அந்த மூச்சுச் சத்தம் சொல்லிவிடும். முகத்தை நம்பாதீர்கள், முகம் சிரித்துக்கொண்டுதான் இருக்கும்.

4. எந்த ஆட்டம் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள். எங்கள் தலைமுறைக்கு இது தெரியாது. மைக்கேல் ஜாக்சனையும் பிறகு பிரபுதேவாவையும் பார்த்துவிட்டு, உடம்பு நெளிந்தாலும் துடித்தாலும் வழுக்கினாலும் எல்லாவற்றையும் 'பிரேக் டான்ஸ்' என்ற ஒரே பானையில் போட்டோம். உண்மையில் இவை வேறு வேறு ஊரில், வேறு வேறு ஆட்கள் கையில் வளர்ந்தவை. கண்ணை எங்கே வைப்பது என்பதும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

பிரேக்கிங் நியூயார்க்குடையது. அதற்கு அடுத்ததில் வருகிறேன். லாக்கிங் பிராங்ஸ் விருந்துக்கும் முந்தியது. லாஸ் ஏஞ்சலஸில் டான் கேம்பல் கண்டுபிடித்தது. அந்தக் காலத்து ஃபங்கி சிக்கன் என்ற ஆட்டம் அவருக்குச் சரியாக வரவில்லை, கை பாதியில் நின்றுபோகும், பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள் என்பது கதை. பாதியில் நின்ற கையும், விரல் நீட்டிச் சுட்டுவதும் அந்த ஆட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன. லாக்கிங்கில் மணிக்கட்டைப் பாருங்கள். கை வேகமாக வந்து பூட்டுப் போட்ட மாதிரி நிற்க வேண்டும்; நின்ற பிறகு அதிரக்கூடாது. லாக்கர் சனத்தோடு பகிடி விடுவார், சிரிப்பார், கை தட்டச் சொல்வார். அதுவும் ஆட்டத்தின் பகுதிதான். நேரம் கடத்துகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

பாப்பிங் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவிலிருந்து வந்தது. பூகலூ சாம் 1977இல் தன் ஆட்களைச் சேர்த்துத் தொடங்கிய குழுதான் பிறகு எலெக்ட்ரிக் பூகலூஸ் என்று பெயர் எடுத்தது. தசையைச் சட்டென்று இறுக்கி அதே கணத்தில் விட்டுவிடுவதுதான் 'பாப்'. தொடங்குகிறவர்கள் இறுக்குவதோடு நிற்கிறார்கள், விடுவதற்கு மறந்துபோகிறார்கள். மேடையில் ஒரு நல்ல பாப்பர் வந்தால் அவர் விரலைப் பார்க்காமல் மேற்கையின் பின்தசையையும் கழுத்தையும் முழங்காலின் பின்பக்கத்தையும் பாருங்கள். அடி விழும்போது மூன்றும் ஒரே கணத்தில் துடிக்கும். சட்டையில் ஒரு சுருக்கம் எழும்பி மறையும். அந்தச் சுருக்கத்தைக் காண்பதற்காகத்தான் கிட்ட இருக்கச் சொன்னேன்.

கிரம்ப் லாஸ் ஏஞ்சலஸின் தென்பகுதியில் 2000களின் தொடக்கத்தில் வந்தது. அதில் நெஞ்சைப் பாருங்கள். முகம் கோபமாக இருக்கும், பயப்பட வேண்டாம். வாக்கிங் அதே நகரத்தில் 1970களில் ஒருபாலீர்ப்பாளர் கூடிய கிளப்புகளில் பிறந்தது. தோளிலிருந்து கை சுழலும் வேகம் அதன் உயிர். ஹவுஸ் சிகாகோ, நியூயார்க் கிளப்புகளுடையது. கால் மட்டும் பார்த்தால் போதும்.

5. சாகசத்துக்கும் சாகசத்துக்கும் நடுவில் இருப்பதைப் பாருங்கள். தலையில் சுழலும்போது எல்லோரும் கத்துவார்கள். நீங்களும் கத்துங்கள், ஆனால் அதற்குள் எப்படிப் போனார், எப்படி வெளியே வந்தார் என்பதுதான் உங்களுக்குப் பாடம். பிரேக்கிங்கில் நின்றாடுவது டாப்ராக், நிலத்துக்கு இறங்குவது டிராப், நிலத்தில் கால் வேலை ஃபுட்வொர்க், சுழற்சியெல்லாம் பவர் மூவ், உறைந்து நிற்பது ஃபிரீஸ். சுழற்சி தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். நிற்பதிலிருந்து நிலத்துக்கு இறங்குவதைத் தையல் தெரியாமல் செய்கிறவர்கள் குறைவு.

வகுப்பில் முதல் மாதமே சொல்லித் தருகிற சிக்ஸ் ஸ்டெப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். குந்தியிருந்து, கையை நிலத்தில் வைத்து, கால்கள் ஆறு எட்டில் உடம்பைச் சுற்றி ஒரு முழு வட்டம் வர வேண்டும். கால் வருகிற பக்கத்துக் கை எழும்பி வழி விடும். கால் கடந்ததும் திரும்ப இறங்கும். ஒரு கட்டத்தில் வயிறு நிலத்தைப் பார்க்கும், சில எட்டுகள் கழித்து மேலே பார்க்கும். நீங்கள் செய்யும்போது பாரம் முழுக்கக் கையில் விழுந்து, குதி நிலத்தில் பதிந்து, இடுப்பு ஏறி இறங்குகிறது, இல்லையா? மேடையில் கைதேர்ந்தவர் செய்வதைப் பாருங்கள். முன்பாதம் மட்டும் நிலத்தில் இருக்கும். இடுப்பு ஒரே உயரத்தில் போகும். கை, விரல் நுனியால் தொட்டுவிட்டு எழும்பும். இன்னும் வடிவாகப் பார்த்தால் ஆறாவது எட்டுக்கு முன்பே கண் அடுத்து எங்கே போகப் போகிறது என்று பார்த்துவிட்டிருக்கும். ஒரு மாலை முழுவதும் இதை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் டிக்கெட் காசு தேறிவிடும்.

ஃபிரீஸைப் பொறுத்தவரை ஒன்று. எங்கே நின்றார் என்பது கேள்வி. எவ்வளவு நேரம் நின்றார் என்பது சர்க்கஸ். மேளத்தின் அடி விழுந்த அதே கணத்தில் உடம்பு நின்றிருக்க வேண்டும். முழங்கையை வயிற்றின் பக்கத்தில் ஊன்றி நிற்கிற பேபி ஃபிரீஸில் அந்த முழங்கை உண்மையில் குத்துகிறது, மூச்சு ஒரு கணம் அடைக்கும். அதை முகத்தில் காட்டாமல் அடியில் நிற்பதற்கு எத்தனை மாலை போயிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

6. கேட்டு ஆடுகிறாரா, நினைவில் வைத்து ஆடுகிறாரா? நேரடி ஆட்டத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது இது. போட்டியில் டிஜே என்ன போடுவார் என்று ஆடுகிறவருக்குத் தெரியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், ஆகஸ்ட் 9, 10 தேதிகளில், பிளாஸ் த லா கான்கோர்ட் சதுக்கத்தில் நடந்த பிரேக்கிங் போட்டியும் அப்படித்தான். ஒன்பது நடுவர்கள், ஐந்து அளவுகோல்கள்: நுட்பம், அசைவுகளின் வளம், செய்நேர்த்தி, இசையறிவு, தனித்தன்மை. ஐந்துக்கும் சம எடை. பெண்களில் ஜப்பானின் அமியும் ஆண்களில் கனடாவின் ஃபில் விசார்டும் தங்கம் எடுத்தார்கள். அந்த வாரம் உலகமே ஆஸ்திரேலியப் போட்டியாளர் ஒருவரின் சில வினாடி வீடியோத் துண்டைப் பார்த்துச் சிரித்தது. அவர் ஆடிய அதே நாளில் அமி ஆடியதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம். பாட்டு மாறியதும் அமியின் டாப்ராக்கும் மாறுவதைத் தேடிப் பாருங்கள். இசையறிவு என்று நடுவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று விளங்கும்.

விழா மேடையில் பாட்டு முன்பே பதிவானது. அடுத்த வினாடி என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் ஆபத்து. நினைவில் ஆடுகிறவரின் உடம்பு அடிக்கு ஒரு மயிரிழை முன்னால் போகும், ஏனென்றால் வரப்போவது அவருக்குத் தெரியும். கேட்டு ஆடுகிறவர் அடி விழும்வரை காத்திருப்பார். ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்த பாட்டையும் இப்போதுதான் கேட்பதுபோலக் காத்திருப்பதுதான் வித்தை. நட்டுவாங்கத்துக்கு ஆடிப் பழகிய பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், உயிருள்ள ஆள் தட்டுகிற தாளத்தைக் கேட்டு வளர்ந்த காது அது. போவதற்கு முன் வீட்டில் ஜேம்ஸ் பிரவுனையும், இன்கிரெடிபிள் பாங்கோ பேண்டின் 'அப்பாச்சி'யையும் சில நாள் கேளுங்கள். பழைய பிரேக்குகள் காதில் இல்லாதவருக்கு ஆடுகிறவர் எதற்குப் பதில் சொல்கிறார் என்று தெரியாது.

7. இப்போது முதலாவதில் கேட்ட கேள்விக்கு வருவோம். வட்டத்தை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டார்கள்.

கதையைக் கையில் எடுத்தவர் பிலடெல்பியாவின் ரென்னி ஹாரிஸ். 1992இல் பியூர்மூவ்மென்ட் என்ற குழுவைத் தொடங்கி, 2000இல் 'ரோம் அண்ட் ஜூவல்ஸ்' செய்தார். ரோமியோ ஜூலியட் கதைதான், இரண்டு தெருக் கும்பல்களாக. அதில் ஜூவல்ஸ் மேடைக்கு வருவதே இல்லை. ரோம், அங்கே இல்லாத ஒருத்தியோடு பேசிக்கொண்டிருப்பார். வட்டத்தில் எதிரே ஒருவர் எப்போதும் நிற்பார். மேடையில் அந்த எதிராளி இல்லை. அந்த வெற்றிடத்தையே அவர் கதையாக்கினார் என்று எனக்குத் தோன்றும். லண்டனில் கேட் பிரின்ஸ் தொடங்கிய ஸூநேஷன் குழு 'இன்டு த ஹூட்ஸ்' என்று தேவதைக் கதைகளை எடுத்து 2008இல் வெஸ்ட் எண்டுக்கே கொண்டுபோனது. வேடிக்கையான படைப்பு. குழந்தைகளோடு போகலாம்.

கிழக்கு லண்டனின் பாய் புளூ வேறு வழி. கென்ரிக் சாண்டி ஆட்டத்தை அமைப்பார், மைக்கேல் அசான்டே இசையை. 2017இல் பார்பிக்கனில் வந்த அவர்களின் 'பிளாக் வைட் கிரே'யின் முதல் பகுதியில் மூன்று பேர் வெள்ளை உடையில் இயந்திரம்போல வருவார்கள். ஒளி அவர்களைக் கூண்டு போல அடைத்திருக்கும். முன்பக்கம் ஒன்றுதான் என்றால் அந்த ஒன்றையே சிறையாக்குவோம் என்ற யோசனை. பாப்பிங் அங்கே வித்தையாக இல்லை, வலியாக இருந்தது. என்னைக் கேட்டால் இந்த வரிசையில் இதற்குத்தான் முதலிடம்.

பிரான்சில் மூராட் மெர்சூக்கியின் காஃபிக் குழு 2014இல் 'பிக்ஸெல்' செய்தது. ஒளிப்புள்ளிகள் மேடை முழுக்கப் பெய்யும். ஆடுகிறவர் கை வீசினால் அவையும் கலைந்து ஓடும். கண்ணுக்கு விருந்து. ஆனால் ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்து ஆளை மறந்துபோவீர்கள். இரண்டாம் தடவை பார்க்க வாய்த்தால் புள்ளிகளைக் கண்ணிலிருந்து நீக்கிவிட்டு ஆளை மட்டும் பாருங்கள்.

இன்னும் ஒரு வழி உண்டு, மலிவான வழி: மேடையிலேயே அரைவட்டம் போட்டு ஒருவரை நடுவில் விட்டு மற்றவர்கள் 'ஓ' போடுவது. இது உண்மையா நடிப்பா என்று கண்டுபிடிப்பது சுலபம். நடுவில் ஆடுகிறவரை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். அவர்கள் கண் ஆடுகிறவர் மேல் இருந்தால் அது வட்டம். நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கை தட்டினால் அது அலங்காரம்.

8. இருபது பேர் ஒரே மாதிரி ஆடினால் உடனே மயங்கிவிடாதீர்கள். ஒற்றுமைக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது, மதிக்க வேண்டும். ஆனால் நடுவில் நிற்பவரை விட்டுவிட்டுப் பின்வரிசையின் ஓரத்தில் நிற்பவரைப் பாருங்கள். அவரும் எண்ணிக்கைக்கு நடுவில் உயிரோடு இருக்கிறாரா, அல்லது ஒன்றிலும் இரண்டிலும் மட்டும் விழித்துக்கொள்கிறாரா? குழுவின் தரம் அந்த ஓரத்து ஆளின் தரம்தான். அடுத்த வருடம் நீங்கள் ஒரு குழுவில் சேர்ந்தால் நிற்கப்போவதும் அந்த ஓரத்தில்தான், அதற்காகவும் சொல்கிறேன்.

9. விளக்குப் பொருத்திய உடை போட்டுக்கொண்டு இருட்டில் ஆடுகிறவர்கள் வந்தால் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

10. சத்தம் போடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இது கஷ்டம். உருப்படி முடிந்ததும் கை தட்டிப் பழகியவர்கள், நடுவில் வாய் திறந்தால் பின்னால் இருக்கும் அன்ரி முறைப்பார் என்று பயந்து வளர்ந்தவர்கள். இங்கே ஃபிரீஸ் விழுந்த கணத்திலேயே கத்த வேண்டும். ஆடுகிறவர் அதை எதிர்பார்க்கிறார். அதில் பெலன் எடுக்கிறார். வட்டத்தில் சுற்றி நிற்பவர்களின் குரல்தான் அடுத்த அசைவைத் தள்ளியது, மேடையில் அந்தக் குரலைக் கொடுக்க வேறு யாரும் இல்லை. ஆனால் பிந்திக் கத்தாதீர்கள். பிந்திக் கத்துகிறவர் அடியைக் கேட்கவில்லை என்று பக்கத்திலிருப்பவருக்குத் தெரிந்துவிடும். அமைதியான படைப்புகளும் வரும். அப்போது எல்லோரோடும் சேர்ந்து பேசாமல் இருங்கள்.

11. விழுகிறவரைப் பார்த்துப் படியுங்கள். நேரடி ஆட்டத்தில் யாராவது கட்டாயம் விழுவார். வியர்வை சிந்திய இடத்தில் கை வழுக்கும். இரண்டு குழுக்களுக்கு நடுவில் ஒருவர் வந்து துணியால் மேடையைத் துடைப்பதைக் கவனியுங்கள், அந்த வேலை சரியாக நடக்காவிட்டால் அடுத்து வருகிறவரின் மணிக்கட்டுக்கு ஆபத்து. பழக்கமான ஆட்கள் திரை ஓரத்திலிருந்து வரும்போதே சப்பாத்து அடியால் நிலத்தைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அது ஸ்டைல் இல்லை, நிலம் பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று கேட்கிறார்கள்.

போட்டியில் ஒருவர் தவறினால் எதிர்க்குழு உள்ளங்கையால் நிலத்தில் அறையும். 'விழுந்தாய்' என்று அர்த்தம். மேடைப் படைப்பில் அப்படி அறைய யாரும் இல்லாததால் தவறு மறைந்துவிடும். ஆனால் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கெட்டிக்காரர் விழுந்த இடத்திலேயே ஒரு ஃபிரீஸை வைத்து, விழவே நினைத்ததுபோல ஆக்கிவிடுவார். அடுத்த அசைவு சற்றுப் பிந்தியிருக்கும். பாட்டைத் துரத்திப் பிடிப்பார். அந்தத் துரத்தல்தான் தடயம்.

12. அசைவைத் திருடாதீர்கள். ஹிப் ஹாப்பில் மிகப் பெரிய வசை 'பைட்' பண்ணினாய் என்பது. எதிராளி முன்னங்கைகள் இரண்டையும் முதலை வாய்போலத் தட்டிக் காட்டுவார். அவ்வளவு சனத்துக்கு முன்னால் அதைப் பார்ப்பது அவமானம். சிக்ஸ் ஸ்டெப், விண்ட்மில் போன்றவை பொதுச் சொத்து, யாரும் செய்யலாம். ஒருவர் தானாகக் கண்டுபிடித்த திருப்பம், அவருடைய பெயராலேயே தெரிகிற உறைநிலை, இவற்றில் கை வைக்கக்கூடாது. அப்படியானால் எதைத்தான் எடுப்பது? காத்திருப்பதை எடுங்கள். இறங்குகிற விதத்தை எடுங்கள். பாட்டில் எந்த வாத்தியத்தைப் பிடித்து ஆடினார் என்பதை எடுங்கள். எல்லோரும் மேளத்தைப் பிடிக்கும்போது அவர் ஊதுகுழலைப் பிடித்தாரா? அந்தக் காது உங்களுக்கு வந்தால் அசைவு தானாக வரும், உங்கள் அசைவாக வரும்.

13. அன்றிரவே வீட்டு வரவேற்பறையில் தலையால் சுற்றப் பார்க்காதீர்கள். கழுத்துப் பயிற்சி இல்லாமல் அதைத் தொடுவது மடத்தனம். பயிற்சி இருந்தாலும் உடம்பு கணக்கு வைத்துக்கொள்ளும்: 19 ஆண்டுகளுக்கு மேலாகத் தலையால் சுழன்ற ஒருவருக்கு உச்சந்தலையில் கட்டி வளர்ந்து, அறுவைச் சிகிச்சையில் அகற்றியதை 2024இல் 'பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்' மருத்துவ இதழ் வெளியிட்டது. என் முழங்கால்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. படியேறும்போது நீங்களே கேட்டிருப்பீர்கள்.

14. இடைவேளையில் இருக்கையில் குந்தியிருந்து சிப்ஸ் தின்னாதீர்கள். இந்த விழாவின் பாதி கீழ்க்கூடத்தில் நடக்கிறது. டிஜே நிற்பார், நிலம் விரித்திருக்கும், வட்டம் தானாகக் கூடும். சற்றுமுன் மேடையில் ஆடியவரும் அதில் வந்து நிற்கக்கூடும், உங்கள் வயதுப் பிள்ளையும் நிற்கக்கூடும். அங்கே யாருக்கும் டிக்கெட் வரிசை இல்லை.

முதலில் பாருங்கள். ஒருவர் வெளியேறும் வரை அடுத்தவர் உள்ளே இறங்காததைக் கவனியுங்கள். நடுவில் வெட்டிக்கொண்டு போவது மரியாதைக் குறைவு. பிறகு இறங்குங்கள். நின்றாடித் தொடங்குங்கள், நேரே நிலத்தில் விழாதீர்கள். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் கண்ணையாவது பாருங்கள். அரை நிமிடம் போதும். தெரிந்தது தீர்ந்துபோவதற்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும். தீர்ந்த பிறகு செய்ததையே திருப்பிச் செய்துகொண்டு நிற்பவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். யாராவது கை நீட்டினால் தட்டிவிட்டுப் போய் நில்லுங்கள். வீடியோ எடுத்தீர்களா என்று தோழியிடம் ஓடாதீர்கள்.

15. ஒரு தடவை அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். "இதில என்ன எதிர்காலம் இருக்கு?" என்று கேட்பார்கள், வகுப்புக் கட்டணம் கட்டும்போதெல்லாம் என்னிடமும் கேட்கிறார்கள். லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில், சாட்லர்ஸ் வெல்ஸ் ஈஸ்ட் என்ற புதிய அரங்கு 2025 பெப்ரவரியில் திறந்திருக்கிறது. 16 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கான ஹிப் ஹாப் கல்விக்கூடம் ஒன்றும் அதற்குள்ளேயே இருக்கிறது, பிரேக்கின் கன்வென்ஷன் பெயரிலேயே. வாயால் விளக்குவதைவிட அந்தக் கட்டடத்தை ஒருநாள் காட்டிவிடுவது சுலபம். மேடையில் என்ன நடக்கிறது என்று அப்பாவுக்கு நடுவில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், அவர் தானாகப் பிடித்துக்கொள்வார். பேஸ் சத்தம் நெஞ்சில் இடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அம்மா கைப்பையில் காதடைப்பான் ஒரு சோடி வைத்துவிடுங்கள்.